மாடியில் 41, தோட்டத்தில் 37: வீட்டு வானிலை நிலையத்தை எங்கே, எப்படி வைப்பது?

வெப்ப சென்சாருக்குத் தெரிந்தது தன் உடம்பின் சூடு மட்டும்தான். வெயில் பட்டால் வெயிலின் சூடு, அனல் கக்கும் சுவர் பக்கத்தில் இருந்தால் சுவரின் சூடு, தன்னோடு ஒட்டியிருக்கும் சர்க்யூட் சூடேறினால் அந்தச் சூடு என எல்லாம் சேர்ந்துதான் திரையில் ஓர் எண்ணாக வருகிறது. ஆகவே நிலையம் அமைப்பவரின் வேலை, சென்சாரின் உடம்புச் சூட்டையும் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டையும் முடிந்தவரை ஒன்றாக்குவது. விலை குறைந்த சென்சாரை நல்ல கவசத்துக்குள் நல்ல இடத்தில் வைத்தால் போதும். விலை உயர்ந்த நிலையத்தைக் கைப்பிடிச் சுவரில் ஆணியடித்து மாட்டியவரைவிட உங்கள் கணக்கு சரியாக இருக்கும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இதைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நிலையத்தோடு பெட்டிக்குள் வரும் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா போன்ற வடதேசங்களின் சூரியனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே சரியான யோசனை, இங்கே கத்திரி வெயிலில் கவிழ்த்துவிடும்.

வடக்குச் சுவர் நிழல் தரும் என்று நம்பாதீர்கள்

"வடக்குப் பார்த்த சுவரில் மாட்டுங்கள், எப்போதும் நிழல் இருக்கும்" என்று அந்தக் குறிப்பேடுகள் சொல்லும். லண்டனில் அது ஓரளவு சரி. கடலூர் 11.75 டிகிரி, புதுச்சேரி 11.93 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் 20, 21 தேதிகளில் உச்சிப்பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அதன் பிறகு சூரியன் வடக்கே நகர்ந்து, மறுபடி ஆகஸ்ட் 21, 22 வாக்கில்தான் தலைக்கு மேல் திரும்பும். இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. மே 4 முதல் 28 வரை நீளும் அக்னி நட்சத்திரம் முழுக்க இந்தக் காலத்துக்குள் அடக்கம். அதாவது வருடத்தின் மிகச் சூடான நாட்களில் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்குகிற சுவர்.

காலை மாலை வெயிலுக்கு இது இன்னும் நீண்ட காலம் பொருந்தும். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை சூரியன் நேர் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, நேர் மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. ஜூன் 21 அன்று இந்த விலகல் 24 டிகிரி. டிசம்பர் 21 அன்று எல்லாம் தலைகீழ்: உச்சிப்பொழுதில்கூட சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மார்கழியில் "நாள் முழுக்க நிழல்" என்று பார்த்து வைத்த மூலை, வைகாசியில் நாள் முழுக்க வெயிலில் காயும்.

இடம் பார்க்கும் முறை இதுதான். தேர்ந்தெடுத்த இடத்தில் ஒன்றரை மீட்டர் கம்பு ஒன்றை நட்டு, காலை 7, 9, 12, மாலை 3, 5 மணிக்கு வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தச் சுவரிலும் தொட்டியிலும் பட்டுத் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் சூரியப் பாதை காட்டும் செயலி ஒன்றில் ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய இரண்டு நாட்களையும் போட்டு, அதே இடத்தில் நின்று பாருங்கள். இந்தக் கரையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.10 மணிக்கு, பிப்ரவரியில் 12.25 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.55-க்கே வந்துவிடும். சுவரின் நிழலை நம்பித் திட்டமிடவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. திறந்த இடத்தில் வையுங்கள்; நிழலைக் கவசம் தரட்டும்.

கவசம்: தட்டுகளை அடுக்குவதில் உள்ள நுணுக்கம்

வானிலை ஆய்வு மையங்களில் காணும் வெள்ளை மரப்பெட்டி, ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860-களில் வடிவமைத்தது. சரிந்த சட்டங்கள் வெயிலையும் மழையையும் மறித்து, காற்றை மட்டும் உள்ளே விடும். வீட்டுக்கு அவ்வளவு பெரிய பெட்டி தேவையில்லை. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய கவசம் அதே வேலையைச் செய்யும். வாங்கலாம், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளைக் கொண்டு செய்யவும் செய்யலாம்.

செய்வதென்றால் 18 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தொட்டித் தட்டு ஒன்பது, 6 மி.மீ. தடிமனில் மரையுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி மூன்று, அதற்கேற்ற நட்டும் வாஷரும், இடைவெளிக்கு அரை இஞ்ச் பிவிசி குழாயை 15 முதல் 20 மி.மீ. நீளத்தில் வெட்டிய துண்டுகள் ஆகியவை வேண்டும். மேல் இரண்டு தட்டுகளும் அடித்தட்டும் முழுதாக இருக்கட்டும். நடுவிலுள்ள ஆறு தட்டுகளில் மட்டும் 8 செ.மீ. வட்ட ஓட்டை போட்டு, அந்தக் குழிக்குள் சென்சார் தொங்கும்படி செய்யுங்கள். தட்டின் விளிம்பு கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு தட்டின் விளிம்பு அடுத்த தட்டின் மேற்பரப்பைக் கொஞ்சம் மூடுகிற அளவுக்கு இறங்கினால்தான் மாலை நான்கு மணியின் சாய்ந்த வெயில் உள்ளே எட்டிப் பார்க்காது. கண்ணைத் தட்டு உயரத்தில் வைத்துச் சுற்றிவந்து பாருங்கள்: எந்தப் பக்கத்திலிருந்தாவது சென்சார் கண்ணில் பட்டால், சூரியன் கண்ணிலும் படும்.

பலர் கோட்டைவிடுவது தட்டின் பிளாஸ்டிக்கில். தட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப்பிடித்து, பின்னால் விரலை ஆட்டுங்கள். விரலின் நிழல் தட்டில் தெரிந்தால், அது வெயிலைக் கசியவிடுகிறது என்று பொருள். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும், ஆனால் உள்ளே சென்சார் மங்கலான வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட தட்டுக்கு வெளிப்புற வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடிக்க வேண்டும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சியிலிருந்து அடிக்கும் வெயிலை மேல் தட்டு ஒன்றே தாங்குகிறது. அதனால்தான் மேலே முழுத் தட்டு இரண்டு. அவற்றுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளி விட்டால், முதல் தட்டின் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

அலுமினியத் தாளைக் கவசத்தின் வெளியே சுற்றாதீர்கள். பளபளக்கும் உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்புவது உண்மைதான். ஆனால் உறிஞ்சிய கொஞ்சச் சூட்டையும் அது கதிராக வெளிவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெள்ளைப் பெயின்ட் வெயிலைத் திருப்பும், உறிஞ்சியதையும் எளிதாக வெளியே விட்டுவிடும். நம் வெயிலில் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாக அதிக நாள் ஆகாது. மஞ்சளான தட்டு கூடுதலாக உறிஞ்சும். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு கோட் அடித்துவிட்டால் கத்திரிக்குத் தயார்.

சென்சாரைச் சுமக்கும் போர்டும் சூடு கொடுக்கும். வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சிப்பை வைஃபை போர்டோடு ஒரே டப்பாவில் அடைத்தால் நள்ளிரவில்கூட ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக் காட்டும். போர்டைக் கவசத்துக்கு வெளியே, தனி டப்பாவில், சென்சாருக்குப் பக்கவாட்டில் அல்லது கீழே அரை மீட்டர் தள்ளி வையுங்கள். சென்சாரை நொடிக்கொரு முறை படிக்காமல் நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். வெப்பத்தை மட்டும் அளக்கும் டிஎஸ்18பி20 போல வயர் நீண்ட சென்சாரில், கடைசி 30 செ.மீ. வயரையும் கவசத்துக்குள் சுருட்டிவிடுங்கள். வெயிலில் காயும் செம்புக் கம்பி சூட்டை நேராக முனைக்குக் கடத்தும்.

காற்று ஓய்ந்த நேரம்தான் பிழை பெருகும் நேரம்

எவ்வளவு நல்ல தட்டுக் கவசமும் காற்று ஓடினால்தான் வேலை செய்யும். நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே காற்று இறங்கி, வெயிலும் சுள்ளென்று அடித்தால் 1 முதல் 3 டிகிரி வரை கூடுதலாகக் காட்டுவது வழக்கம். கவசமே இல்லாத சென்சார் 5, 10 டிகிரி என்று ஏறும்.

கிழக்குக் கடற்கரையில் இந்த ஓய்வு நேரம் கிட்டத்தட்ட சொல்லிவைத்தாற்போல் வரும். இரவு வீசிய நிலக்காற்று காலையில் அடங்கி, கடற்காற்று எழுவதற்கு முன் ஓர் இடைவெளி. அப்போது சூரியன் கடலுக்கு மேலே, மறைக்க எதுவும் இல்லாமல், சாய்ந்த கோணத்தில் தட்டுகளுக்கு இடையே நுழைகிறது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் காலை 8-லிருந்து 10 மணிக்குள் வரைபடத்தில் ஒரு கூன் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கத்திரி நாட்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும்போது, 39 டிகிரி வெயிலிலும் கவசம் ஒழுங்காக வேலை செய்யும். மக்கள் பயப்படுவது பிற்பகல் எண்ணைப் பார்த்து. உண்மையில் அதிகம் பிசகுவது காலை எண்.

இந்தப் பிழையைக் கிட்டத்தட்ட ஒழிக்க ஒரே வழி மின்விசிறி. 2 இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றை 4 இஞ்ச் குழாய்க்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டுமே வெளியே வெள்ளை. உள்குழாயின் உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு. சென்சார் உள்குழாயின் கீழ்வாயிலிருந்து 15 செ.மீ. மேலே தொங்கட்டும், அதைவிடக் கீழே இருந்தால் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதைச் சுடும். மேலே 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, அதன் மேல் மழைக்கு ஒரு கவிழ்ந்த தட்டு. ஃபேன் காற்றைக் கீழிருந்து மேலே உறிஞ்ச வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் மோட்டார் சூடு நேராக சென்சார் மேல் ஊதும்.

உப்புக்காற்றில் ஃபேனின் ஆயுள் குறைவு. பால் பேரிங் வைத்ததாக வாங்குங்கள். நின்றுபோன ஃபேன் உள்ள குழாய், ஃபேனே இல்லாத தட்டுக் கவசத்தைவிட மோசம்; உள்ளே காற்று அசையவே அசையாது. சுழற்சி எண்ணிக்கையைச் சொல்லும் மூன்றாவது வயர் உள்ள ஃபேனாக இருந்தால், அதையும் பதிவு செய்து, நின்றதும் எச்சரிக்கை வரும்படி செய்துவிடுங்கள்.

எந்த இடம்?

உலக வானிலை அமைப்பின் விதிப்படி வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், இயற்கையான தரையின் மேல் இருக்க வேண்டும். சுவர், சிமென்ட் தரை, நீர்நிலை போன்றவற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால் முதல் தரம். 30 மீட்டர் இரண்டாம் தரம். 10 மீட்டர் மூன்றாம் தரம். மூன்றாம் தரத்திலேயே 1 டிகிரி வரை பிசகலாம் என்று அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. நான்காம் தரத்தில் 2, ஐந்தாம் தரத்தில் 5. திருப்பாதிரிப்புலியூரிலோ முத்தியால்பேட்டையிலோ நெருக்கமான தெருவில் வீடு இருந்தால் நமக்குக் கிடைப்பது நான்காம் தரம்தான். அதை ஐந்தாக்காமல் பார்த்துக்கொள்வதே சாதனை.

தோட்டம் இருந்தால் தோட்டம்தான். புல் அல்லது வெறும் மண்ணின் மேல், சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளமுடியுமோ அத்தனை தள்ளி, ஒன்றரை மீட்டரில் சென்சார் வரும்படி ஒரு சவுக்குக் கம்பு நடுங்கள். சவுக்கு இங்கே எங்கும் கிடைக்கும், இரும்புக் குழாய்போலச் சூடு கடத்தாது; மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசினால் கரையான் கொஞ்ச நாள் தள்ளி நிற்கும். பேவர் பிளாக் போட்ட முற்றம் மண்தரை ஆகாது. வேப்பமரத்தடி நிழலும் வேண்டாம். பகலில் இலைகள் வெளிவிடும் ஈரம் சூட்டைக் குறைத்துக் காட்டும். இரவில் கிளைக்கூரை வானத்தை மறைப்பதால் குளிர்ச்சி முழுதாக இறங்காது. அதிகபட்சம் குறையும், குறைந்தபட்சம் கூடும்.

மொட்டை மாடி மட்டும்தான் உண்டு என்பவர்களே அதிகம். மே மாத நண்பகலில் தட்டு ஓடு பதித்த மாடித் தளம் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்திருக்கும். பகலில் வாங்கிய சூட்டை கான்கிரீட் நள்ளிரவு தாண்டியும் கக்கும். அதனால் பகலைவிட இரவின் குறைந்தபட்சத்தில்தான் மாடியின் கெடுதல் நன்றாகத் தெரியும். சூடான காற்று தளத்தை ஒட்டியே தேங்குவதால் இங்கே ஒன்றரை மீட்டர் போதாது. 2 முதல் 2.5 மீட்டர் உயர்த்துங்கள். கைப்பிடிச் சுவர், சின்டெக்ஸ் தொட்டி, சோலார் பலகை, ஏசியின் வெளி யூனிட் ஆகியவற்றிலிருந்து விலக்குங்கள். ஏசி யூனிட் வெளியே தள்ளும் காற்று சில மீட்டர் தூரம் தாண்டியும் சுடும். கிழக்கு ஓரம் நல்லது, கடற்காற்று வீட்டின் சூட்டைத் தொடாமல் நேராக வந்து சேரும்.

வெயில் தடுக்க மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். தளம் குளிர்வது நல்லதுதான், ஆனால் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து கவசத்துக்குள் ஏறும். அடித்தட்டு முழுத்தட்டாக இருப்பது அங்கே கட்டாயம்.

புதுச்சேரியின் பழைய முற்றம் வைத்த வீடுகளில் முற்றத்தின் நடுவே மாட்டத் தோன்றும். நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த காற்று அது. வீட்டின் வானிலையைச் சொல்லும், ஊரின் வானிலையைச் சொல்லாது. தகரக் கொட்டகைக்கு அடியிலும் பால்கனிக்குள்ளும் அப்படியே. அடுக்குமாடியில் பால்கனி தவிர வழியில்லை என்றால் வெப்பத்தை விட்டுவிடுங்கள். அழுத்தத்தை மட்டும் பதிவு செய்தாலே அது பயனுள்ள பதிவு.

பிழையா, நிஜமா? பனிப்புள்ளியைக் கேளுங்கள்

காற்று குளிர்ந்துகொண்டே போனால் அதிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் துளியாகப் படியத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். வெயில் சென்சாரைச் சுட்டால் வெப்பம் ஏறும், ஈரப்பதச் சதவீதம் இறங்கும். ஆனால் காற்றிலுள்ள நீராவி மாறாததால் பனிப்புள்ளி அசையாமல் நிற்கும். கணக்கில் பார்ப்போம். நிஜக் காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 25 டிகிரிக்குச் சற்று மேல். வெயில்பட்டு சென்சார் 37 ஆனால், ஈரப்பதம் 51 சதவீதமாகத் தெரியும். பனிப்புள்ளி அதே 25. ஆக, வெப்பம் பிசகினால் ஈரப்பதமும் சேர்ந்து பிசகும். ஈரப்பத சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றப் போகுமுன் வெயிலைப் பாருங்கள்.

கடற்காற்று நுழைவது வேறு மாதிரி. வெப்பம் சில டிகிரி சட்டென இறங்கும், பனிப்புள்ளி ஏறும், காற்றுத் திசை மேற்கிலிருந்து கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ திரும்பும். மூன்றும் ஒன்றாக நடந்தால் அது நிஜம். வெப்பம் மட்டும் தினமும் ஒரே கடிகார நேரத்தில் எழும்பி, மேகமூட்டமான நாளில் எழும்பாமல் இருந்தால், ஏதோ ஓர் இடுக்கு வழியாக வெயில் உள்ளே வருகிறது. அந்த நேரத்தில் போய் நின்று பாருங்கள், இடுக்கு தெரியும்.

பிழை இடத்தாலா, சென்சாராலா என்று பிரிக்க நவம்பர் உதவும். முழு மேகமும் விடாத காற்றும் உள்ள வடகிழக்குப் பருவ நாளில் வெயில் பிழைக்கு வேலையில்லை. அப்படி ஒரு நாளில் உங்கள் எண்ணைக் கடலூர் அல்லது புதுச்சேரி வானிலை ஆய்வு மையத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அன்று ஒத்துப்போய், மே மாதத்தில் மட்டும் 3 டிகிரி கூடினால் குற்றம் கவசத்திலோ இடத்திலோ இருக்கிறது. இரண்டு நாளும் ஒரே அளவு கூடினால் சென்சாரின் அளவுத்திருத்தம் தப்பு. முதல் வகைப் பிழைக்கு மென்பொருளில் "2 டிகிரி கழி" என்று போடுபவர்கள் பலர். பகல் சரியானதுபோலத் தெரியும், இரவு முழுக்க 2 டிகிரி குறைந்துவிடும். வெயில் பிழையை எண்ணால் கழிக்க முடியாது; கவசத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

சென்சாரைச் சோதிப்பது எளிது. நீர் புகாத டிஎஸ்18பி20 என்றால், நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனையை நடுவில் நிறுத்திக் கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருங்கள். 0 காட்ட வேண்டும், அரை டிகிரி முன்னே பின்னே போகலாம். ஈரப்பத சென்சாரை நனைக்கக்கூடாது. அதற்கு உப்புச் சோதனை: பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல்போல ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப்புகாத ஜாடியில் அடைத்து, வெயில் படாத அறையில் 12 மணி நேரம் வையுங்கள். 25 டிகிரியில் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

அதே உப்புதான் வெளியே எதிரி. கடலிலிருந்து வரும் உப்புத்தூள் சென்சார் மேல் படியும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்தப் படலம் நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். ஐப்பசி இரவில் 95 காட்டுவது இயல்பு. வெயில் வந்து பத்து மணிக்கும் 99-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் உப்புப் படிந்திருக்கிறது. எஸ்எச்டி31 போன்ற ஈரப்பத சென்சார்களை நுண்துளை மூடி போட்டதாக வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியை மட்டும் கழற்றி டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காயவையுங்கள். கவசத் தட்டுகளை நல்ல தண்ணீரில் மாதம் ஒரு முறை கழுவலாம். அன்றைய அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நனைந்த தட்டு உலரும்வரை வெப்பத்தைக் குறைத்துக் காட்டும். மழை விட்டதும் வெயில் வரும் அரை மணி நேரத்திலும் இதே நடக்கும். கவசத்துக்குப் பெயின்ட் அடித்தால் தின்னர் வாசம் முழுதாகப் போன பிறகே சென்சாரை உள்ளே வையுங்கள். அந்த ஆவி ஈரப்பத சென்சாரின் படலத்தில் புகுந்து அளவைப் பிசக வைக்கும்.

குளவிக்கும் இந்தத் தட்டுக் கவசம் பிடிக்கும். இரண்டு தட்டுக்கு நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு மண்கூடு கட்டினால் அந்தப் பக்கத்துக் காற்று அடைபடும். ஓட்டையை மூடக் கொசுவலையைச் சுற்றினால் காற்றே போகாது. வலை போடாமல் மாதாமாதம் திறந்து பார்ப்பதே மேல்.

மழைமானியும் காற்றுமானியும் வேறு இடம் கேட்கும்

எல்லாம் ஒன்றாக வரும் நிலையங்களின் பெரிய குறை இது. காற்றுமானிக்கு உயரம் வேண்டும். விதிப்படி 10 மீட்டர், அதுவும் தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி. மழைமானி தாழ இருக்க வேண்டும். உயரம் கூடக் கூட அதன் வாயருகே சுழலும் காற்று துளிகளை அள்ளிச்செல்லும். வெப்பமானிக்கு ஒன்றரை மீட்டர். பிரிக்க முடிந்த மாடலாக இருந்தால் பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால், எந்த அளவு உங்களுக்கு முக்கியமோ அதற்கேற்ற உயரத்தில் வைத்து, மற்றவற்றின் பிசகை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மழைமானியை ஒவ்வொரு தடையிலிருந்தும், அந்தத் தடை மானியின் வாய்க்கு மேல் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதன் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். தொட்டி 3 மீட்டர் உயர்ந்திருந்தால் 6 மீட்டர். மட்டம் வைத்துச் சரிபாருங்கள். சாய்ந்த மானியில், நிரம்பியதும் கவிழ்ந்து மழையை எண்ணும் தராசுத்தட்டு ஒரு பக்கம் சீக்கிரம் கவிழும். சோதிக்க, புனலின் பரப்பைக் கணக்கிடுங்கள்: 15 செ.மீ. விட்டம் என்றால் 177 சதுர செ.மீ., ஆக 177 மி.லி. தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். 0.2 மி.மீ. தட்டுக்கு 50 முறை கவிழ வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் டியூப்பைக் கொண்டு அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கணக்கு தப்பும். அதே காரணத்தால் புயல் மழையிலும் தப்பும்: மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது தட்டு கவிழ்கிற நொடியில் விழும் நீர் எண்ணப்படாமல் போய், 5 முதல் 10 சதவீதம் குறையலாம். ஃபெஞ்சல் புயலில் 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளுக்கு, பக்கத்தில் நேர்ப்பக்கமுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றையும் வைத்து ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஒப்பிடும்போது, வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடிகிறது என்பதை மறக்கக்கூடாது. உங்கள் கருவி நள்ளிரவில் பூஜ்ஜியமாகும். தை மாதத்துப் பனிக்காலையில் 0.2 மி.மீ. காட்டினால் அது மழையல்ல, புனலில் இறங்கிய பனி.

காற்றுமானியை மாடியின் விளிம்பில் கட்டினால், சுவரில் மோதி மேலேறும் காற்று வேகத்தைக் கூட்டிக் காட்டும். மாடியின் நடுவே, கைப்பிடிச் சுவருக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் குழாய் நிறுத்தி, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். அடியில் கீல் வைத்துப் படுக்கவைக்கும்படி செய்வது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலின் காற்று சுமார் 140 கி.மீ. வேகம்; அந்த வேகத்தில் கழன்ற குழாய் பக்கத்து வீட்டின் மேல்தான் விழும். காற்றுத் திசைகாட்டி முள்ளை வடக்குக்கு நிறுத்த போன் காம்பஸ் போதும். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் இங்கே 2 டிகிரிக்குள்தான் வித்தியாசம். ஆனால் இரும்புக் குழாயிலிருந்து இரண்டு மீட்டர் விலகி நின்று பாருங்கள்.

அழுத்த சென்சார் வீட்டுக்குள் நிழலில் இருந்தால் போதும், சன்னல் வெயில் படாமல். தினமும் மாலை 4 மணி வாக்கில் அழுத்தம் 3, 4 மில்லிபார் இறங்கியதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று பதற வேண்டாம். வெப்பமண்டலத்தில் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் ஏறி, அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இறங்குவது அழுத்தத்தின் அன்றாட நடை. நேற்று இதே நேரம் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுங்கள். 24 மணி நேரத்தில் 3, 4 மில்லிபார் குறைந்திருந்தால் அப்போது மாடிக்குப் போய்க் குழாயைப் படுக்கவையுங்கள்.